பரீட்சை முடிஞ்சாச்சு, எங்கே போகலாம்? டீன்ஏஜ் பிள்ளையோடு மார்ச் மாத விடுமுறைக்கு இடம் தேர்வு செய்வது எப்படி?

கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த பையன் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, "ஒரு வாரம் என்னை யாரும் எழுப்பாதீங்க" என்கிறான். அதே நேரத்தில் அப்பா மொபைலில் ஐந்து நாளில் ஆறு ஊர் பார்க்கும் டூர் பேக்கேஜ் ஒன்றை அம்மாவிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிற விஷயம்தான். பல குடும்பங்களில் மார்ச் மாதப் பயணம் சண்டையில் முடிவதற்குக் காரணமும் இதுதான்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை என்றால் பெற்றோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிளஸ் ஒன் தொடங்கிவிட்டால் அடுத்த இரண்டு வருடம் கோச்சிங், டெஸ்ட் என்று ஓடிவிடும். அதற்குப் பிறகு கல்லூரி, ஹாஸ்டல், நண்பர்களோடு கோவா. "இனிமே நம்மகூட எங்க வரப்போறான்" என்ற நினைப்பு மனதில் ஓடும்போது, இந்த ஒரு பயணத்திலேயே எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வருவது இயல்பு. அந்த அவசரத்தில் இடத்தைத் தேர்வு செய்தால்தான் தப்பாகப் போகிறது.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை இந்தியாவில் எங்கே வெயில் தாங்கும், எங்கே தாங்காது, எந்த இடம் மூடியிருக்கும், டீன்ஏஜ் பிள்ளையோடு போனால் எந்த ஊரில் எல்லோருக்கும் உண்மையிலேயே ஓய்வு கிடைக்கும் என்பதைப் பார்ப்போம்.

நம்ம ஊர் வசந்தம் எப்போது?

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் சித்திரையில் சென்னையிலோ வேலூரிலோ வெளியே நின்று பார்த்தவர்கள் அதை வசந்தம் என்று சொல்ல மாட்டார்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் வசந்தம் என்ற பருவமே கிடையாது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை பருவமழைக்கு முந்தைய கோடைக்காலம். அப்படிப் பார்த்தால், குளிர் விலகி வெயில் முழுதாக ஏறாத மாசி, பங்குனிதான் பயணத்துக்கான நிஜ வசந்தம்.

இந்த ஐந்தாறு வாரங்களில் ஒரே நாளில் நாட்டின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். மார்ச் பாதியில் ஹம்பியில் பகல் வெயில் 37 டிகிரியைத் தொடும். பாறைகளின் சூடு ராத்திரி வரை இறங்காது. அதே நாளில் ஷில்லாங்கில் பகலில் சுமார் 21 டிகிரி, ஸ்ரீநகரில் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. கேரளக் கடற்கரையில் 33 டிகிரிதான் காட்டும், ஆனால் புழுக்கம் அதைவிட அதிகமாகத் தெரியும். ஹம்பி, மதுரை, தஞ்சாவூர், ஜெய்சால்மர் மாதிரி கல்லும் வெயிலுமாக இருக்கும் ஊர்களை டிசம்பருக்குத் தள்ளி வைப்பது நல்லது.

தேதியும் முக்கியம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு மார்ச் தாண்டி ஏப்ரல் வரை தேர்வு இழுக்கும். சிபிஎஸ்இ-யில் 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு பொதுத்தேர்வுகள் வந்துவிட்டன. மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள நினைக்கும் மாணவர்கள் மூன்று பாடங்கள் வரை மே மாதத் தேர்வை எழுதலாம். "மே மாசம் பாத்துக்கலாம்" என்று பயணத்தைத் தள்ளிப்போடுவது இனி எல்லோருக்கும் சரிவராது. ஒன்பதாம் வகுப்பு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இடைவெளி இன்னும் குறைவு. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரல் தொடக்கத்திலேயே அடுத்த வகுப்பு ஆரம்பித்துவிடும்.

பிள்ளை ஏன் பத்து மணி வரை தூங்குகிறது?

சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். வளரிளம் பருவத்தில் தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் இரவில் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது. அதனால் அவர்களுக்கு ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் விழிப்பும் வராது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. தேர்வு மாதங்களில் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே காலை ஐந்தரை மணிக்கு ஜீப் வந்து நிற்கும் சூரிய உதயப் பயணம், ஆறு மணிக்குப் பேருந்து ஏறும் பேக்கேஜ் எல்லாம் இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது. எங்கள் வீட்டில் ஒருமுறை ராஜஸ்தானில் ஐந்து நாளில் நான்கு ஊர் சுற்றினோம். மகளின் ஞாபகத்தில் இன்று வரை மிச்சம் இருப்பது கார் கண்ணாடியில் தலை இடித்ததும், ஒரு தாபாவில் சாப்பிட்ட பராத்தாவும்தான். கோட்டைகளின் போட்டோவைக் காட்டினால், "இது எந்த ஊரு?" என்கிறாள்.

இடம் தேடும்போது பார்வையிடங்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வேறு சில விஷயங்களைப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே அறையில் நான்கு இரவு தங்க முடியுமா? பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக நடந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு, கடை பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி ஊரா, அல்லது ஒவ்வொன்றுக்கும் அப்பா கார் எடுக்க வேண்டுமா? மதியம் பன்னிரண்டு மணிக்கு எழுந்தாலும் செய்வதற்கு ஒரு வேலை மிச்சம் இருக்குமா? மொபைல் சிக்னல் கிடைக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். பரீட்சை முடிந்த வாரத்தில் நண்பர்கள் எல்லோரும் குரூப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது சிக்னல் இல்லாத எஸ்டேட் பங்களாவில் பூட்டி வைத்தால் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கடல் என்றால் வர்கலா

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் "ஆமாம்" என்று பதில் வரும் ஊர்களில் ஒன்று கேரளத்தின் வர்கலா. செம்மண் நிறத்தில் செங்குத்தாக நிற்கும் பாறைக்கு மேல் நீளமாக ஒரு நடைபாதை, ஒரு பக்கம் சின்னச் சின்ன ஓட்டல்களும் துணிக்கடைகளும், இன்னொரு பக்கம் கீழே கடல். கார் வேண்டாம், ஆட்டோவும் பெரிதாகத் தேவைப்படாது. சென்னையிலிருந்து திருவனந்தபுரம் மெயிலில் இரவு ஏறினால் மறுநாள் முற்பகலில் வர்கலா சிவகிரி நிலையத்திலேயே இறங்கலாம். விமானம் என்றால் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும்.

மார்ச்சில் அரபிக்கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இதே கடல் ஆளை உள்ளே விடாது. சர்ஃபிங் புதிதாகக் கற்றுக்கொள்ள இந்த மாதங்கள் ஏற்றவை, சொல்லித்தர ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளை என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாலையில் வடக்குப் பக்கம் காப்பில் வரை போய் வரலாம், காயலும் கடலும் ஒரு மணல் திட்டைத் தாண்டிப் பார்த்துக்கொள்ளும் இடம். அப்பா அம்மாவுக்கு ஜனார்த்தன சுவாமி கோயிலும் நாராயண குருவின் சமாதி இருக்கும் சிவகிரியும் இருக்கின்றன. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மார்ச் முதல் மே வரை கேரளம், கன்னியாகுமரி கடற்கரைகளில் "கள்ளக்கடல்" என்று மீனவர்கள் சொல்லும் நிகழ்வு வரும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயல்காற்று எழுப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து வந்து, திருடன் மாதிரி சத்தமில்லாமல் கரையில் ஏறும். 2024 மார்ச் 31 அன்று கேரளத்தின் பல கடற்கரைகளில் இப்படித்தான் கடல் ஊருக்குள் வந்தது. அதே வருடம் மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தபோதும் கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், அதாவது இந்தியத் தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் நாளிலும், கடலில் இறங்கும் ஒவ்வொரு நாளிலும் அதைப் பார்ப்பது நல்லது. பார்க்கிற வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். நாம் "கடலுக்குள்ள போகாத" என்றால் காதில் விழாது, அவர்களே மொபைலில் எச்சரிக்கையைப் படித்தால் விழும். உயிர்காப்பாளர் விசில் அடித்தால் அந்த நிமிடமே வெளியே வர வேண்டும் என்பதில் மட்டும் பேரம் பேசக் கூடாது. பாறை விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பதும் அப்படியே.

மலை என்றால் எந்த மலை?

மார்ச் என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஊட்டி, கொடைக்கானல், மூணாறு. குளிர் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இந்த மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல கதவுகள் மூடியிருக்கும் என்பதைப் பலர் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். மூணாறில் வரையாடு பார்க்கப் போகும் இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் பயணிகளுக்கு மூடப்படும். காட்டுத்தீ பருவமும் இதுதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட தீயில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தமிழ்நாடு வனத்துறையின் மலையேற்றத் திட்டமும் 2025-ல் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை நிறுத்தி வைக்கப்பட்டது. "எனக்கு டிரெக்கிங்தான் வேணும்" என்று நிற்கும் பிள்ளைக்கு மார்ச்சில் நீலகிரியோ குடகோ காட்டினால் ஏமாற்றம்தான். அனுமதி இல்லாத பாதையில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மலையேற்றம் வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றால் குன்னூர் நல்ல தேர்வு. ஊட்டியின் நெரிசல் இல்லை, டீ எஸ்டேட்டுக்கு நடுவே நடக்கலாம், சிம்ஸ் பூங்கா ஊருக்குள்ளேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயிலில் ஏறலாம். 46 கிலோமீட்டர் பாதையில் ஊட்டி வரை முழுதாகப் போனால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், குன்னூரில் இறங்கிக்கொண்டால் அந்தப் பயணத்தின் நல்ல பகுதி முழுவதையும் பார்த்துவிடலாம். சொந்தக் காரில் நீலகிரிக்குப் போவோருக்கு இ-பாஸ் கட்டாயம். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வாகனம்தான் என்ற உச்சவரம்பும் வந்தது, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு இ-பாஸ் தேவையில்லை.

பெங்களூரில் இருக்கும் குடும்பங்களுக்குக் குடகு. மார்ச் ஏப்ரலில் முதல் மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் காபித் தோட்டங்கள் மொத்தமும் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி வாசனை. மூன்று நான்கு நாள்தான் நிற்கும். அழகான காட்சி, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் இது நாற்பது வயதுக்காரர்களுக்கான விடுமுறை. உங்கள் பிள்ளை புத்தகம் படிக்கிற, கேமரா வைத்திருக்கிற ரகம் என்றால் மட்டும் போங்கள்.

கொஞ்சம் தூரம் போக முடியும் என்றால்

செலவும் ஐந்தாறு நாளும் இருந்தால் எங்கள் முதல் பரிந்துரை ரிஷிகேஷ். "சாமி கும்பிடப் போற ஊருக்கு ஏன் பிள்ளையைக் கூட்டிப் போகணும்" என்று தோன்றலாம். தபோவன் பக்கம் போய்ப் பார்த்தால் அந்த ஊரின் பாதி ஜனம் இருபது வயதுக்காரர்கள் என்று தெரியும். மார்ச்சில் பகலில் சுமார் 28 டிகிரி, ராத்திரி ஒரு ஸ்வெட்டர் போதும். கங்கையில் ராஃப்டிங் நடக்கும் முக்கியமான மாதங்களில் இதுவும் ஒன்று. பொதுவாக 14 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் இதுவரை தம்பி தங்கையோடு சேர்த்து "சின்னப் பிள்ளை" கணக்கில் வந்தவர்களுக்கு முதல்முறையாகப் பெரியவர் கணக்கில் இடம் கிடைக்கும். சிவபுரியிலிருந்து தொடங்கும் சுமார் 16 கிலோமீட்டர் பாதை முதல் முறைக்குப் போதும். தண்ணீர் உறைய வைக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்க வந்து தங்கிய ஆசிரமம், காட்டுக்குள் இடிந்த கட்டடங்களாக இன்றும் நிற்கிறது. ராஜாஜி புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கும் அந்த இடம் 2015 கடைசியில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுவர் முழுக்க ஓவியங்கள். பாட்டு கேட்கிற பிள்ளை என்றால் அங்கே இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. மாலையில் திரிவேணி படித்துறையில் கங்கா ஆரத்தி, அதில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கருத்து வேறுபாடு வந்து நாங்கள் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. ஊர் முழுக்க சைவம், சிக்கன் இல்லாமல் ஐந்து நாள் இருக்க முடியாத பிள்ளைகள் உண்டு. சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன் விமான நிலையம், பிறகு சுமார் 20 கிலோமீட்டர் என்று கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் பயணத்திலேயே போய்விடும். 2027 தொடக்கத்தில் பக்கத்து ஊரான ஹரித்வாரில் அர்த்த கும்பமேளா வருகிறது, அந்த மாதங்களில் இந்தப் பக்கம் ஓய்வுக்காகப் போக வேண்டாம்.

ஷில்லாங் இன்னொரு நல்ல ஊர். குவாஹாட்டியில் இறங்கி சுமார் 100 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். இசை, காபிக் கடை, கொரியன் ஸ்டைல் துணி என்று டீன்ஏஜ் பிள்ளைகளுக்குப் பிடித்ததெல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். மழை இன்னும் வலுக்காத மாதம் என்பதால் டௌகி ஆற்றில் அடி தெரியும். நோங்ரியாத்தின் இரட்டை வேர்ப்பாலத்துக்கு 3,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளை ஏற வேண்டும். பிள்ளை ஏறிவிடும், உங்கள் முழங்காலைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், மதியம் பன்னிரண்டுக்கு எழுந்தால் கையில் மிஞ்சுவது ஐந்தரை மணி நேரப் பகல்தான்.

ஸ்ரீநகரின் துலிப் தோட்டம் வழக்கமாக மார்ச் கடைசியில் திறக்கும், மூன்று நான்கு வாரம்தான். பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஓய்வான பயணமாக அதை நாங்கள் சொல்ல மாட்டோம். அந்த வாரங்களில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத்தான் திறக்கப்பட்டன, கிளம்பும் முன் நிலவரத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது. இன்னொன்று, மற்ற மாநிலத்தின் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். விமானத்தில் இருந்து இறங்கிய பிறகு இதைப் பிள்ளை தெரிந்துகொண்டால் அந்த நாள் முடிந்தது.

டிக்கெட், ஆதார், அறை

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மார்ச் 20 கிளம்ப வேண்டுமென்றால் ஜனவரி மூன்றாவது வாரமே முடிவு செய்தாக வேண்டும், அதாவது ரிவிஷன் டெஸ்ட் நடந்துகொண்டிருக்கும்போது. தட்கலை நம்பினால், ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு இருக்க வேண்டும். ஏசி வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. 12 வயது முடிந்தாலே ரயிலில் முழு டிக்கெட்.

15 வயதில் ஆதாருக்குக் கட்டாய பயோமெட்ரிக் புதுப்பிப்பு உண்டு. ஐந்து வயதுப் போட்டோவுடன் இருக்கும் கார்டை ஓட்டல் வரவேற்பறையில் நீட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள், பிள்ளை மட்டும் சிரிக்காது.

அறை விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யலாம். பல ஓட்டல்களில் 12 வயதைத் தாண்டினால் பெரியவர் கணக்கில்தான் காசு வாங்குவார்கள். ஒரே அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டு மூன்று பேர் படுத்தால், ராத்திரி ஒரு மணிக்கு மொபைல் வெளிச்சம், காலை ஆறு மணிக்கு அப்பாவின் நியூஸ் சத்தம் என்று இரண்டு பக்கமும் தூக்கம் கெடும். நடுவில் கதவு இருக்கும் இரண்டு அறை, இல்லையென்றால் ஹோம்ஸ்டேயில் ஒரு சின்னத் தனி அறை கேட்டுப் பாருங்கள். அந்தக் காசுக்காக ஒரு நாளைக் குறைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

"எங்க போகலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "எங்கயோ, உங்க இஷ்டம்" என்ற பதில்தான் வரும். உங்கள் பட்ஜெட்டுக்கும் தேதிக்கும் ஒத்துவரும் இரண்டே இரண்டு ஊரைச் சொல்லி, மொத்தச் செலவையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "வர்கலா போனா நாலு நாள், ரிஷிகேஷ் போனா போக வர ரெண்டு நாள் கழிச்சு மூணு நாள்தான், செலவும் ரெண்டு மடங்குக்கு மேல ஆகும்" என்று கணக்கோடு பேசினால் பதினைந்து வயதுக்கு அது புரியும். ஒரு நாளை முழுதாக அவர்கள் திட்டத்துக்கு விட்டுவிடுங்கள். அன்றைக்கு மூன்று மணிக்குப் பிரேக்ஃபாஸ்ட் என்றாலும் வாயைத் திறக்கக் கூடாது. பதிலுக்கு ஒரு நாள் உங்களுடையது, அன்றைக்கு மட்டும் காலை எட்டு மணிக்கு எழுந்திரு என்று கேட்கலாம்.

நண்பனையோ சித்தி பிள்ளையையோ சேர்த்துக் கூட்டிப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஒற்றைப் பிள்ளை என்றால் பல நேரம் அதுதான் பயணத்தையே காப்பாற்றும். ஆனால் ராஃப்டிங், சர்ஃபிங் மாதிரி விஷயங்களுக்கு அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் இருந்தாலும் போதும்.

திரும்பி வரும் டிக்கெட்டை பள்ளியோ கோச்சிங்கோ தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குப் போடாதீர்கள். நடுவில் குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். துணி துவைக்க ஒரு நாள், மறுபடியும் தூங்க ஒரு நாள்.